கில்ட்டுக்கு விலங்கு முக ஸ்பாரன்: பேட்ஜரா, நரியா, பழைய நீர்நாயா?

வடகடல்:

வணக்கம். அபர்டீனில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். மனைவி இந்த ஊர்க்காரர். வருகிற அக்டோபரில் என் மைத்துனருக்கு இன்வெர்னெஸ் பக்கம் கல்யாணம். இத்தனை வருடம் வாடகைக் கில்ட்டிலேயே ஒப்பேற்றிவிட்டேன். இந்த முறை சொந்தமாகத் தைத்துக்கொண்டேன். எட்டு கெஜம், 16 அவுன்ஸ் கம்பளி. தைத்த அம்மா மூன்று வாரம் கையாலேயே மடிப்பு வைத்துத் தைத்துக் கொடுத்தார். அதற்கு ஏற்ற ஸ்பாரன் வேண்டும்.

தெரியாதவர்களுக்கு: கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், மடிப்பு வைத்த கம்பளி உடை. அதில் பை கிடையாது. வேட்டிக்காவது மடி உண்டு, இதற்கு அதுவும் இல்லை. அதனால் இடுப்பைச் சுற்றிய சங்கிலியில் முன்பக்கம் ஒரு பை தொங்கும், அதுதான் ஸ்பாரன். கேலிக் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பணப்பை என்றே பொருள். நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பை செய்த வேலைதான். வெறும் தோல் பை உண்டு, முடி வைத்தது உண்டு, வெள்ளி வேலைப்பாடு செய்தது உண்டு. விலங்கின் முகத்தையே பையின் மூடியாக வைத்துச் செய்வதும் ஒரு வகை. எனக்கு அதன்மேல்தான் ஆசை.

கைவசம் மூன்று வழி. ஒன்று, பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் பேட்ஜர் (வளை தோண்டி வாழும் பருத்த விலங்கு) முகம். பெரியது, பார்த்தாலே கம்பீரம். இரண்டாவது, புதிதாகச் செய்து தரும் கைவினைஞர் ஒருவரிடம் நரி முகம், நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். மூன்றாவது, மனைவியின் பெரியப்பா வீட்டுப் பரணில் கிடந்த நீர்நாய் முகம். அவருடைய அப்பா கட்டியதாம். இடது காதில் ஒரு கிழிசல். காசு வேண்டாம், எடுத்துக்கொள் என்கிறார். என் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். எதை எடுக்கலாம்?

குழல்காரன்:

கிளாஸ்கோவில் பேக்பைப் குழு ஒன்றில் பன்னிரண்டு வருடமாக வாசிக்கிறேன். விலங்கு எது என்பதை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதலில் அளவு.

பேட்ஜர் முகம் பெரிய ஆளுக்கானது. அகன்ற தலை, கீழே நீண்ட முடி, அதற்கும் கீழே குஞ்சம். ஆறடி ஆள் கட்டினால் உடலோடு சேர்ந்துவிடும். உங்கள் உயரத்துக்குக் கில்ட்டின் முன்பகுதி இடுப்பிலிருந்து முட்டி வரை இரண்டடி கூட இருக்காது. அதில் பாதிக்கு மேல் ஒரு தலை தொங்கினால் பார்ப்பவர் கண் உங்கள் முகத்துக்கு ஏறாது. என் முதல் ஸ்பாரன் அப்படித்தான். அந்த வருடக் குழுப் படத்தில் நானும் இருக்கிறேன், ஆனால் கண்ணில் படுவது பேட்ஜர் மட்டும்தான்.

ஒரு வழி சொல்கிறேன். விற்பவரிடம் நீளம், அகலம், குஞ்சத்தோடு மொத்த நீளம் மூன்றையும் கேளுங்கள். பழைய செய்தித்தாளை அதே அளவில் வெட்டி, கில்ட் கட்டிக்கொண்டு ஊசியால் குத்தி, கண்ணாடி முன் நில்லுங்கள். பெல்ட் கொக்கிக்கு நான்கு விரல் கீழே ஸ்பாரனின் மேல்விளிம்பு வர வேண்டும். வேஸ்ட்கோட் போட்டால் அதன் கீழ்விளிம்பிலிருந்து கணக்கு. பிறகு நாற்காலியில் உட்காருங்கள். காகிதம் மடங்கி வயிற்றில் இடித்தால் அந்த அளவு வேண்டாம்.

நீர்நாய் முகம் பெரும்பாலும் சின்னது, வட்டமானது. உங்கள் உடலுக்கு அது பொருந்தும் என்று படுகிறது.

தோல்பட்டறை:

எங்கள் குடும்பம் ஆம்பூர். அப்பா தோல் ஷாப்பில் நாற்பது வருடம். நான் இப்போது யார்க்‌ஷயரில் பழைய தோல் பைகளைச் சரிசெய்யும் வேலை பார்க்கிறேன். ஸ்பாரன்களும் வரும். முகம் வைத்தவற்றில் வேலை சுத்தமா இல்லையா என்று பார்க்க நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் காது. விலங்கின் காதில் மெல்லிய குருத்தெலும்பு இருக்கும். நல்ல வேலைக்காரர் அதை எடுத்துவிட்டு உள்ளே வேறு தாங்கல் வைப்பார். சோம்பேறித்தனம் செய்தால் இரண்டு மூன்று வருடத்தில் காது காய்ந்த வெற்றிலை மாதிரி சுருண்டு முனை உடையும். அடுத்து கண். கண்ணாடிக் கண்ணைச் சுற்றிய தோல் கண்ணோடு ஒட்டி இருக்க வேண்டும். இடைவெளி தெரிந்தால் தோல் சுருங்குகிறது, இன்னும் சுருங்கும். அப்புறம் உதடு. மெழுகோ வண்ணமோ பூசி உதட்டின் வெடிப்பை மறைத்திருப்பார்கள். நகத்தால் லேசாகத் தொட்டாலே தெரியும்.

கடைசியாக முடி. கன்னத்தில் பத்துப் பன்னிரண்டு முடியை இரண்டு விரலில் பிடித்து மெதுவாக இழுங்கள். ஒன்று இரண்டு வந்தால் பரவாயில்லை. கொத்தாக வந்தால் தோல் பதனிடும்போதே கெட்டுவிட்டது, யாராலும் காப்பாற்ற முடியாது.

பையையும் திறந்து பாருங்கள். தலையே மூடி என்பதால் அதைத் தூக்கித்தான் உள்ளே கைவிட வேண்டும். தலையைத் திணித்து உருட்டிச் செய்திருப்பதால் அது முழுதாக மேலே மடங்காது. நரிக்கு முகம் குறுகல், வாய் குறுகிய பையில் இந்தக் காலத்துக் கைபேசி நுழைவதே சிரமம். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

நீரோடை:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலாண்ட்ஸில் வனவிலங்குப் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். அளவு, காது, உதடு எல்லாம் சரி. அந்த விலங்கு எப்படிச் செத்தது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லையே.

இது உணர்ச்சிப் பேச்சு இல்லை, சட்டம். பிரிட்டனில் 1992ஆம் ஆண்டின் பேட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி, செத்த பேட்ஜரையோ அதன் உடலின் ஒரு பகுதியையோ வைத்திருப்பதே குற்றம். சட்டத்தை மீறி அது கொல்லப்படவில்லை என்றோ, வாங்கும்போது அப்படிச் சந்தேகிக்க இடமில்லை என்றோ காட்ட முடிந்தால்தான் பிழைத்தீர்கள். காட்ட வேண்டியவர் நீங்கள். சாலையில் வண்டி அடித்த பேட்ஜர் என்றால் அது சரியான விளக்கம். ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும்.

நீர்நாய்க்கும் காட்டுப்பூனைக்கும் விதி இன்னும் கடுமை. இரண்டும் ஐரோப்பிய அளவில் பாதுகாக்கப்பட்ட இனங்கள். 2007இல் ஸ்காட்லாந்து விதிகளைத் திருத்தியபோது, ஸ்பாரன் கட்டவும் உரிமம் வேண்டுமா என்று பத்திரிகைகள் பெரிதாக எழுதின. உண்மையிலேயே அது ஸ்பாரனையும் தொட்டது. 1994க்கு முன்பே சட்டப்படி எடுக்கப்பட்டது என்று காட்ட முடியாவிட்டால் உரிமம் வேண்டும். இப்போது அதை ஸ்காட்லாந்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சர்ஸ்காட் பார்க்கிறது. விற்பதென்றால் வேறு கணக்கு: 1947 மார்ச் 3க்கு முன்பே செய்து முடித்த பொருளாக இருந்தால் பழம்பொருள் என்று சலுகை உண்டு, இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லாமல் நீர்நாயை விற்கக்கூடாது.

பைன் மார்ட்டன் என்ற மரமேறும் சிறு விலங்கும் 1988இலிருந்து பாதுகாக்கப்பட்ட இனம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் நீலகிரி மார்ட்டனுக்கு உறவுக்காரன், தொண்டையில் அதே மஞ்சள். வெள்ளை மலைமுயலை 2021 மார்ச் முதல் ஸ்காட்லாந்தில் உரிமம் இல்லாமல் கொல்லக்கூடாது. காட்டுப்பூனையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கூண்டில் வளர்த்த குட்டிகளை 2023இல்தான் கெய்ர்ன்கார்ம்ஸ் காட்டில் விட ஆரம்பித்தோம். அந்த முகத்தைப் பை மூடியில் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

வடகடல்:

நன்றி அக்கா. இதெல்லாம் எனக்குத் தெரியாது. பேட்ஜர் விற்பவருக்கு உடனே எழுதினேன். எந்த வருடம், எங்கே கிடைத்தது, ஏதாவது சீட்டு இருக்கிறதா என்று மூன்று கேள்வி. பதிலாக வந்தது ஒரே வரி: "பழையது, நல்ல நிலையில் உள்ளது." மறுபடி கேட்டேன், பதில் இல்லை. படம் இணைத்திருக்கிறேன், பாருங்கள்.

நீர்நாய் விஷயத்தில் பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அவருக்கு எண்பத்திரண்டு வயது. கேள்வி கேட்டால் முதலில் தேநீர் போடுவார், அப்புறம்தான் பதில்.

மேப்பிள்_யாழ்:

ஒன்டாரியோவிலிருந்து எழுதுகிறேன். தம்பி, அந்தப் படத்தை வடிவாகப் பாருங்கோ. அது பிரிட்டன் பேட்ஜரே இல்லை!

பிரிட்டன் பேட்ஜருக்கு முகம் வெள்ளை. அதில் கண்ணுக்கு மேலாக இரண்டு அகலமான கறுப்புப் பட்டை போகும். உங்கட படத்தில் இருக்கிறது சாம்பல் கலந்த பழுப்புத் தலை, மூக்கிலிருந்து நடுவில் ஒரே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு, கன்னத்தில் கறுப்புத் திட்டு. இது அமெரிக்க பேட்ஜர். வேற இனம். அக்கா சொன்ன 1992 சட்டம் இதுக்குப் பொருந்தாது. ஆனால் அதுக்காக நிம்மதியாக வாங்கலாம் என்றும் இல்லை. மேற்கு அமெரிக்காவில் பொறி வைத்துப் பிடிக்க அனுமதி உள்ள இடங்கள் இருக்கு. இஞ்ச ஒன்டாரியோவில் அது அழியும் நிலையில் உள்ள இனம். எங்க பிடிபட்டது என்று தெரியாமல் எப்படி வாங்கிறது?

எல்லை தாண்டும் ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேணும். மேக்ஸ்வில் என்ற சின்ன ஊரில் 1948 முதல் கிளென்கேரி ஹைலாண்ட் விளையாட்டு நடக்குது. என் மகள் அங்க நடனம் ஆடுவாள். அங்க வாறவர்களில் கனக்கப் பேர் சீல் (கடல்நாய்) தோல் ஸ்பாரன்தான் கட்டுவினம். கனடாவுக்குள்ள பிரச்சினை இல்லை. அதையே கட்டிக்கொண்டு அமெரிக்காவில் நடக்கிற விளையாட்டுக்குப் போகேலாது. 1972ஆம் ஆண்டுக் கடல் பாலூட்டிகள் சட்டம் சீல் பொருளை உள்ளே விடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் எல்லைச் சாவடியில் ஸ்பாரனைக் கொடுத்துவிட்டு வெறும் இடுப்போடு போட்டிக்குப் போனார். அது அவருடைய தகப்பனாரின் ஸ்பாரன். அவர் இண்டைக்கும் அதைப் பற்றிக் கதைத்தால் குரல் மாறிவிடும்.

என்னுடையது ரக்கூன். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, இரண்டு நிறம் கலந்த அடர்ந்த முடி. பிடித்தவரின் பொறி உரிமம் எண், மாவட்டம், வருடம் எல்லாம் எழுதிய சீட்டு பைக்குள்ளேயே இருக்கு.

குழல்காரன்:

அமெரிக்க பேட்ஜர் என்று கண்டுபிடித்தது நல்ல கண். நானே கவனிக்கவில்லை.

பேட்ஜர் என்றதும் இங்கே பலருக்கு ஒரு படைப்பிரிவு நினைவுக்கு வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்கில் அண்டு சதர்லண்ட் ஹைலாண்டர்ஸ். அதில் அதிகாரிகளும் சார்ஜெண்டுகளும் பேட்ஜர் முக ஸ்பாரன் கட்டினார்கள். மற்ற வீரர்களுக்குக் கறுப்பு முடியில் ஆறு வெள்ளைக் குஞ்சம், அதற்கு ‘ஸ்விங்கிங் சிக்ஸ்’ என்றே பெயர். 1854இல் பாலக்ளாவாவில் ரஷ்யக் குதிரைப்படையை இரண்டே வரிசையாக நின்று தடுத்த 93ஆம் பிரிவின் வாரிசுகள் அவர்கள். 2006இல் ஸ்காட்லாந்தின் காலாட்படைப் பிரிவுகளை ஒன்றாக்கியபோது அந்தப் பெயர் ஒரு பட்டாலியனின் பெயராகச் சுருங்கியது. ஸ்டிர்லிங் பக்கம் போனால் பேட்ஜர் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘உங்கள் வீட்டில் யாராவது ஆர்கிலா?’ என்று கேட்கும் முதியவர்கள் உண்டு. கட்டக்கூடாது என்றில்லை. கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

எந்த உடைக்கு எது என்பதில் ஆளுக்கொரு கருத்து. வாடகைக் கடைக்காரர்கள் முகம் வைத்ததை மாலை விருந்துக்கு மட்டும் என்பார்கள். நான் அதை ஏற்பதில்லை. விக்டோரியா அரசி 1860களில் கென்னத் மக்லே என்ற ஓவியரைக் கொண்டு ஹைலாண்ட் ஆட்களை வரைய வைத்தார். அந்தப் படங்களில் ஒருவர் ஸ்பாரன் மாதிரி இன்னொருவருடையது இல்லை. அவரவர் வீட்டில் இருந்ததைக் கட்டியிருக்கிறார்கள். முரட்டு ட்வீட் கோட்டுக்கும் முகம் பொருந்தும், கறுப்புக் கோட்டுக்கும் பொருந்தும். பளபளக்கும் வெள்ளி வேலை இருந்தால் பகலில் உறுத்தும், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு உங்கள் நீர்நாய் தாராளமாகப் போகலாம்.

நீரோடை அவர்களுக்கு ஒன்று. நீங்கள் சொன்ன சட்டத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆட்டுத்தோல் பையும் ஒரு உயிர்தானே? அதற்கு முகம் இல்லை என்பதால் யாரும் கேட்பதில்லை. முகம் இருப்பதால் இங்கே இவ்வளவு பேர் கேட்கிறோம். அந்த வகையில் முகம் வைத்தது நேர்மையான பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீரோடை:

நீங்கள் சொல்வது புரிகிறது. ஆட்டுத்தோல் பையை நான் குறை சொல்லவில்லை. வெட்டியது சாப்பிட, தோல் மிச்சம். முகத்துக்காகவே ஒரு நரியைச் சுடுவது வேறு. சந்தையில் ஆள் தேடினால் சுடுவதற்கும் ஆள் வரும். அதைத்தான் பயப்படுகிறேன்.

நரி விஷயத்தில் கைவினைஞரிடம் கேட்க வேண்டியதும் இதுதான். இங்கே செந்நரிக்குப் பாதுகாப்பு இல்லை. ஆட்டுக்குட்டிகளையும் தரையில் கூடு கட்டும் பறவைகளையும் காக்க வேட்டைக் காவலர்கள் வருடா வருடம் சுடுகிறார்கள். அப்படிச் சுட்டதை எடுத்துச் செய்கிறாரா, பண்ணையில் தோலுக்காக வளர்த்ததை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறாரா? பிரிட்டனில் ரோமப் பண்ணைகள் இருபது வருடத்துக்கு முன்பே தடை. வெளிநாட்டில் இன்னும் இருக்கின்றன. கம்பிக் கூண்டில் பிறந்து கம்பிக் கூண்டிலேயே முடியும் வாழ்க்கை அது.

என்னைக் கேட்டு ஒருவர் முகம் கட்டியே தீருவேன் என்றால் அமெரிக்க மிங்க் என்பேன். ரோமப் பண்ணைகளிலிருந்து தப்பி வந்த விலங்கு. ஆற்றங்கரை வளைகளுக்குள்ளேயே நுழைந்து நீர் வோல் எலிகளைத் தின்று தீர்த்துவிட்டது. வடக்கு ஸ்காட்லாந்தில் ஊர்மக்களே பொறி வைத்து அதைக் கட்டுப்படுத்துகிறார்கள். எப்படியும் சாகப்போகும் உயிர், தோலாவது வீணாகாது. முகம் மிகச் சிறியது, அது ஒன்றுதான் குறை.

புதுவரவு:

செயற்கை ரோமத்தில் முகம் செய்கிறார்களே, அது சரிவருமா? மகனின் பள்ளிப் பட்டமளிப்புக்குத் தேட ஆரம்பித்திருக்கிறேன்.

தோல்பட்டறை:

செயற்கை முகம் இதுவரை ஆறேழு பழுதுக்கு வந்திருக்கிறது. தூரத்தில் பரவாயில்லை. பக்கத்தில் பொம்மைதான். முடி எல்லாம் ஒரே நீளம், ஒரே சாய்வு. உண்மை முகத்தில் மூக்கருகே முடி அரிசி அளவு, கன்னத்தில் விரல் நீளம். பிள்ளை ஒருநாள் கட்டுவதற்கு எளிய தோல் பையே அழகு. சுத்தமான மாட்டுத்தோல், மூன்று குஞ்சம், வருடம் ஆக ஆக மெருகேறும். பத்து வருடம் கழித்து அவனே முகம் வேண்டுமா என்று முடிவு செய்யட்டும்.

வடகடல்:

கொஞ்ச நாள் எழுதவில்லை. செய்தித்தாள் வெட்டிக் கட்டிப் பார்த்தேன், குழல்காரன் அண்ணா சொன்னதுதான் சரி. பேட்ஜர் அளவுக் காகிதம் முட்டிக்கு நான்கு விரல் மேலே வந்து நின்றது. உட்கார்ந்தால் மடங்கியது. அந்த விற்பவருக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

நரி கைவினைஞர் நல்ல மனிதர். எங்கே சுட்டது, யார் சுட்டது என்று கேட்டதும் பண்ணையின் பெயரோடு சொன்னார். முன்பணம் கட்டும் வரை வந்துவிட்டேன். அன்று இரவுதான் மனைவியின் பெரியப்பா கூப்பிட்டார். ஒரு படம் கிடைத்திருக்கிறது, வந்து பார் என்றார்.

போனோம். பிஸ்கட் டப்பா நிறையப் பழைய படங்கள். அதில் ஒன்று அவருடைய அப்பா அம்மாவின் கல்யாணப் படம். அட்டையின் பின்னால் படம் எடுத்த கடையின் முத்திரை, கீழே பென்சிலில் ‘ஜூன் 1934’. மாப்பிள்ளை இடுப்பில் ஒரு நீர்நாய் முகம். பெரியப்பா பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். இடது காதில் அதே கிழிசல். கல்யாணத்தன்றே கிழிந்துதான் இருந்திருக்கிறது! பரணிலிருந்து எடுத்த ஸ்பாரனைப் படத்துக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தோம். மீசை முடி வலப்பக்கம் ஐந்து, இடப்பக்கம் மூன்று. படத்தில் மீசையை எண்ண முடியவில்லை, ஆனால் காதும் சங்கிலியின் மூன்றாவது வளையத்தில் இருக்கும் கோணலும் அப்படியே இருந்தன.

நான் ஒன்றும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. தேநீர் ஆறிப்போயிருந்தது.

இப்போது என் முடிவு நீர்நாய்தான். படத்தின் நகலோடு நேச்சர்ஸ்காட்டுக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்த பிறகுதான் கட்டுவேன். நரி கைவினைஞரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன், அவர் வாழ்த்தினார்.

நீரோடை:

1934 நீர்நாய். அப்போது நாய்களை வைத்து நீர்நாய் வேட்டை ஆடிய காலம். ஆற்றில் அவற்றுக்குக் குறைவும் இல்லை. 1950களின் இறுதியில் வயலுக்கு அடித்த பூச்சிமருந்து ஆற்றில் இறங்கி மீனில் சேர்ந்து, பிரிட்டனின் பெரும்பகுதியில் நீர்நாயே காணாமல் போனது. திரும்பி வர இருபது முப்பது வருடம் ஆயிற்று. உங்கள் கையில் இருப்பது அந்த வீழ்ச்சிக்கு முந்தியது. புதிதாக ஒன்றைக் கொல்லச் சொல்லாத முகம். நான் கட்ட மாட்டேன், ஆனால் நீங்கள் கட்டுவதில் எனக்கு வருத்தம் இல்லை. எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்வதுதான் முக்கியம், அதை விடாதீர்கள்.

தோல்பட்டறை:

படத்தைக் கேட்டதும் எனக்கே சிலிர்த்தது. இப்போது கவனமாகக் கேளுங்கள், இது உடம்பு சம்பந்தப்பட்டது.

அந்தக் காலத்தில் பாடம் செய்த விலங்குகளின் தோலுக்குள் பூச்சி வராமல் இருக்க ஆர்சனிக் கலந்த சோப்பைத் தடவுவார்கள். ஸ்பாரன் தோல் முழுவதையும் பதனிட்டிருந்தால் அதற்குத் தேவை இருந்திருக்காது. ஆனால் தலைப்பகுதியைப் பாடம் செய்பவரிடம் கொடுத்து வாங்கியிருந்தால் உள்ளே இருக்கலாம். கண்ணால் தெரியாது. சோதித்துப் பார்க்கும் வரை கையுறை போட்டுத் தொடுங்கள், ஊதாதீர்கள், தட்டாதீர்கள், குழந்தை இருக்கும் அறையில் வைக்காதீர்கள். அருங்காட்சியகப் பொருள்களைப் பராமரிக்கும் நிபுணர்களிடம் கையடக்க எக்ஸ்ரே கருவி உண்டு. அறுக்காமல் கிழிக்காமல் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது அந்துப்பூச்சி. பரணில் கிடந்தது என்றால் முட்டை இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாலிதீன் பையில் காற்றைப் பிழிந்து மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒருநாள் முழுக்க அறையில் வைக்க வேண்டும். உடனே பிரித்தால் ஈரம் கோத்து முடி உதிரும்.

காதுக் கிழிசலை நான் தைத்துத் தர முடியும். பின்பக்கம் மெல்லிய ஆட்டுத்தோல் ஒட்டு வைத்து, முன்னால் ஒரு தையலும் தெரியாமல். அனுப்புகிறீர்களா?

வடகடல்:

அனுப்ப வேண்டாம் என்று நினைக்கிறேன் அண்ணா, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிழிசல் அப்படியே இருக்கட்டும். மேலும் கிழியாமல் இருக்க என்ன செய்யலாம், அதை மட்டும் சொல்லுங்கள்.

தோல்பட்டறை:

சரியான முடிவு, நான் அதை யோசிக்கவில்லை. கிழிசல் முடியும் இடத்தில் உட்பக்கமாக ஒரு நெல்மணி அளவு ஒட்டு போதும். மெல்லிய ஜப்பானியத் தாளும் மாவுப் பசையும். பிற்காலத்தில் யாராவது எடுக்க நினைத்தால் வெறும் ஈரத்திலேயே வந்துவிடும். எந்த இரசாயனப் பசையும் வேண்டாம். முழு முறையையும் தனிமடலில் படத்தோடு அனுப்புகிறேன்.

வடகடல்:

கல்யாணம் நேற்று முடிந்தது. கை ஓயவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

கருவியில் பார்த்ததில் ஆர்சனிக் இல்லை என்றார்கள். உறைபெட்டியில் இரண்டு வாரம் பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நேச்சர்ஸ்காட்டிடமிருந்து பதில் வந்தது, அதையும் கல்யாணப் படத்தின் நகலையும் மடித்துப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன், மேப்பிள் அக்காவின் ரக்கூன் சீட்டு மாதிரி.

காலையில் சங்கிலி சரியாக நிற்கவில்லை. பெரியப்பா என்னைச் சன்னல் பக்கம் நிறுத்தி, கொக்கிக்குக் கீழே தன் நான்கு விரலை வைத்து அளந்து, பின்பக்க வாரை ஒரு துளை இறுக்கினார். பிறகு சட்டைப்பையிலிருந்து சின்னச் சீப்பை எடுத்து நீர்நாயின் நெற்றி முடியை மூக்கிலிருந்து காது வரை இரண்டு முறை சீவிவிட்டார். மூன்று மீசை முடி இருக்கும் பக்கத்தைத் தொடவே இல்லை.

விருந்தில் எல்லாரும் அதைப் பற்றியே கேட்டார்கள். படத்தை எடுத்துக் காட்டினேன். ஆட்டத்துக்கு முன் மறக்காமல் இடுப்புக்குப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டேன், இருந்தும் ‘ஸ்ட்ரிப் தி வில்லோ’ என்ற ஸ்காட்லாந்து நடனத்தில் ஒரு சுற்றில் சங்கிலியின் அந்தக் கோணல் வளையம் வாய் திறந்துகொண்டது. பை கீழே விழவில்லை, கையில் பிடித்துக்கொண்டேன். தோல்பட்டறை அண்ணா, அந்த வளையத்தை மாற்றலாமா, அதையே நெரித்து மூடலாமா?

தோல்பட்டறை:

மாற்ற வேண்டாம். இரண்டு குறடு எடுத்து, வாயில் துணி சுற்றி, பக்கவாட்டில் முறுக்கி மூடுங்கள். நேராக நெரித்தால் தொண்ணூறு வருடத்து உலோகம் ஒடிந்துவிடும். மூடியதும் விரலால் தடவிப் பாருங்கள், விளிம்பு உரசினால் கில்ட்டின் முன்துணி அறுந்துபோகும். அதற்குப் பின்னால் ஒரு சின்னத் தோல் துண்டைக் கோத்துவிடுங்கள், போதும்.